ராஜாவும் ரெண்டாவது கார்னெட்டும்

1922-ம் வருடம், ஆகஸ்ட் மாதம். ராத்திரி நேரத்தில் சிகாகோ ரயில் நிலையத்தில் வந்து இறங்கினான் ஒரு பையன். அப்போதுதான் இருபத்தொரு வயது முடிந்திருந்தது. கையில் ஒரு கார்னெட். நியூ ஆர்லியன்ஸில் வண்டி ஏறும்போது அம்மா கட்டிக் கொடுத்த மீன் சாண்ட்விச் வழியிலேயே தீர்ந்துவிட்டது. ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துப் போகவேண்டிய வாத்தியாரைக் காணோம்.

வாத்தியார் பேரில் தப்பில்லை. பையன் வந்த வண்டி லேட். அவருக்கோ கச்சேரி நேரம். விவரம் தெரிந்த ஒரு போர்ட்டர் பையனை டாக்ஸியில் ஏற்றி, லிங்கன் கார்டன்ஸ் என்னும் நடன அரங்குக்கு அனுப்பிவைத்தார். வாசலில் போய் நின்றால் உள்ளிருந்து வாத்தியம் கேட்கிறது. கேட்டதும் பையனுக்கு உதறல் எடுத்துவிட்டது. இவ்வளவு பெரிய கூட்டத்தில் போய் நான் எதை வாசிக்கப் போகிறேன்? திரும்பிப் போய்விடலாமா?

நல்லவேளை, போகவில்லை. போயிருந்தால் இருபதாம் நூற்றாண்டின் இசைச் சரித்திரத்தில் பாதி அத்தியாயங்களை வேறு மாதிரி எழுதவேண்டி வந்திருக்கும். அந்தப் பையனின் பெயர் லூயி ஆம்ஸ்ட்ராங். உள்ளே வாசித்துக்கொண்டிருந்த வாத்தியாரின் பெயர் ஜோ ஆலிவர். ஊர் அவருக்கு வைத்த பெயர், கிங் ஆலிவர். ராஜா.

ஆம்ஸ்ட்ராங்கை உலகத்துக்குத் தெரியும். ஆலிவரை ஜாஸ் பைத்தியங்களைத் தவிர அநேகமாக யாருக்கும் தெரியாது. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

*

முதலில் பையன். 1901 ஆகஸ்ட் 4, நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவன். பிறந்த கொஞ்ச நாளில் அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அம்மா கிடைத்த வேலைகளையெல்லாம் செய்து வளர்த்தார். அடிதடிக்குப் பேர்போன பேட்டை. ‘போர்க்களம்’ என்பதுதான் அந்த ஏரியாவின் செல்லப் பெயரே. லிதுவேனியாவிலிருந்து வந்த கார்னோஃப்ஸ்கி என்ற யூதக் குடும்பத்தின் பழைய சாமான் வண்டியில் எடுபிடி வேலை. வண்டி வருவதைத் தெருவுக்குத் தெரியப்படுத்த ஒரு தகரக் குழலை ஊதுவான். அடகுக் கடையில் கிடந்த ஒரு பழைய கார்னெட்டை ஐந்து டாலருக்கு வாங்க அந்தக் குடும்பம் உதவி செய்தது.

கார்னெட் என்றால்? டிரம்பெட்டுக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கக் கொஞ்சம் குட்டை. சத்தத்திலும் கொஞ்சம் மென்மை. மூன்று விசைகளை விரலால் அழுத்தி, உதட்டால் சுருதி பிடிக்கிற வித்தை இரண்டுக்கும் ஒன்றுதான். அந்தக் காலத்து நியூ ஆர்லியன்ஸ் பாண்டுகளில் கார்னெட்தான் முன்னணி. டிரம்பெட் பின்னால்தான் வந்து அதன் இடத்தைப் பிடித்தது.

1912 டிசம்பர் 31. புத்தாண்டுக் கொண்டாட்டம். ஊரே வெடி வெடிக்கிறது. பையன் வீட்டிலிருந்த ரிவால்வரை எடுத்துக்கொண்டு வந்து வானத்தைப் பார்த்துச் சுட்டான். பின்னாலேயே போலீஸ். மறுநாள் கோர்ட். கறுப்பின அநாதைச் சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். வயது பதினொன்று.

அங்கே பாண்டு வாத்தியாராக இருந்தவர் பீட்டர் டேவிஸ். அவருக்குப் பையனைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. ‘போர்க்களத்து’ப் பையனாயிற்றே, நல்லதற்கா வந்திருப்பான்? கொஞ்ச நாள் கிட்டவே சேர்க்கவில்லை. பிறகு மனசு இறங்கி ஒரு டாம்பரினைக் கொடுத்தார். அடுத்து டிரம். அதற்கடுத்து ஆல்ட்டோ ஹார்ன். அப்புறம் பியூகிள். காலையில் எழுப்ப, சாப்பாட்டுக்குக் கூப்பிட, தூங்கச் சொல்ல, எல்லாவற்றுக்கும் பியூகிள்தான். கடைசியாகக் கைக்கு வந்தது கார்னெட். சீக்கிரமே பையன் பாண்டுக்கே தலைவன். ஒருநாள் அந்த பாண்டு அவனுடைய சொந்தப் பேட்டை வழியாக ஊர்வலம் போனது. ரவுடிகளும் சூதாடிகளும் ஓடி வந்து காசைக் கொட்டினார்கள். நம்ம மாயான் பையனா இது?

1914 ஜூனில் விடுதலை. வெளியே வந்தால் மறுபடி வயிற்றுப்பாடு. பகலில் கரி வண்டி. ராத்திரியில் குடிகாரர்கள் கூடும் மட்ட ரக விடுதிகளில் வாசிப்பு. இந்தச் சமயத்தில்தான் ஆலிவர் உள்ளே வருகிறார்.

*

ஜோ ஆலிவர் பையனைவிடப் பதினைந்து இருபது வயது மூத்தவர். ஆஜானுபாகுவான மனிதர். ஒரு கண்ணில் கோளாறு. ஊரில் அவருக்குச் சமமாக ஊத ஆளில்லை. கார்னெட்டின் வாயில் கோப்பை, டம்ளர், கிண்ணம் என்று கையில் கிடைத்ததை வைத்து மூடித் திறந்து அதைப் பேச வைப்பார், அழ வைப்பார், குழந்தை மாதிரி சிணுங்க வைப்பார்.

நியூ ஆர்லியன்ஸில் அப்போது வித்தை என்பது சொத்து. சொத்தை யார் பங்கு போட்டுக் கொடுப்பார்கள்? ஆலிவருக்கு முன்னால் அங்கே ராஜாவாக இருந்த ஃப்ரெடி கெப்பார்டைப் பற்றி ஒரு கதை உண்டு. தன் விரல் எந்த விசையில் போகிறது என்று மற்றவர்கள் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகக் கைமேல் ஒரு கைக்குட்டையைப் போட்டு மூடிக்கொண்டுதான் வாசிப்பாராம். ஆலிவர் மட்டும் என்ன, வள்ளலா? பாட்டு எழுதிய தாளின் தலைப்பைக் கிழித்துவிட்டுத்தான் மேடைக்கே கொண்டுவருவார் என்பார்கள். பாட்டின் பெயர் தெரிந்தால்தானே அடுத்தவன் போய் வாங்குவான்?

அப்படிப்பட்ட ஆசாமி இந்த ஒரு பையனுக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டார். ஏன் என்பதற்குக் காரணம் தேடிப் பிரயோஜனமில்லை. பையன் அவர் மனைவி ஸ்டெல்லாவுக்குக் கடைகண்ணிக்குப் போய்வருவான். எடுபிடி வேலைகள் செய்வான். பதிலுக்கு அவர் பாடம் சொல்லித்தருவார், சோறும் போடுவார். அசல் குருகுலவாசம். தான் வாசித்துத் தேய்ந்த ஒரு கார்னெட்டையும் அவனுக்கே கொடுத்தார். பையன் அதை உயிராகப் பாதுகாத்தான். சொந்த அப்பாவின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்திராதவன், ஆலிவரை ‘பாப்பா ஜோ’ என்று கூப்பிட ஆரம்பித்தான். கடைசிவரை அப்படியேதான் கூப்பிட்டான்.

1917 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸின் ஸ்டோரிவில் பேட்டையை இழுத்து மூடச் சொன்னது அமெரிக்கக் கடற்படை. யுத்த காலம். சிவப்பு விளக்குப் பகுதி பக்கத்திலிருந்தால் சிப்பாய்கள் கெட்டுப்போவார்கள் என்பது காரணம். அங்கே வாசித்துக்கொண்டிருந்த பலருக்குப் பிழைப்பு போனது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது. தெற்கு மாகாணங்களின் நிறவெறியிலிருந்து தப்பித்துக் கறுப்பர்கள் கூட்டம் கூட்டமாக வடக்கே போய்க்கொண்டிருந்த காலம் அது. 1910-ல் சிகாகோவில் 44 ஆயிரம் கறுப்பர்கள். 1920-ல் 1 லட்சத்து 9 ஆயிரம் பேர். பத்தே வருடத்தில் இரண்டரை மடங்கு! கையில் சம்பளம், வார இறுதியில் பாட்டு, டான்ஸ். இதைவிட நல்ல மார்க்கெட் வேறு என்ன வேண்டும்? ஆலிவரும் கிளம்பிவிட்டார். கிட் ஓரியின் பாண்டில் அவர் காலி செய்த நாற்காலியில் உட்கார்ந்தது யார்? லூயிதான்.

பிறகு மிஸிஸிப்பி நதிப் படகுகளில் ஃபேட் மாரபிள் என்பவரின் பாண்டில் சேர்ந்து, எழுதி வைத்த இசையைப் பார்த்து வாசிக்கவும் கற்றுக்கொண்டான். பலர் கூப்பிட்டும் ஊரை விட்டு நகரவில்லை. பாப்பா ஜோ கூப்பிட்டதும் பெட்டியைக் கட்டிவிட்டான். ரெண்டாவது கார்னெட் வாசிக்க வேண்டும். வாரம் 52 டாலர்.

*

லிங்கன் கார்டன்ஸில் அதற்குப் பிறகு நடந்ததைத்தான் இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஜாஸில் ‘பிரேக்’ என்று ஒரு சங்கதி உண்டு. மொத்த பாண்டும் சட்டென்று வாயை மூடிக்கொள்ளும். ஓரிரு விநாடிகள் அமைதி. அந்த இடைவெளியில் ஒரே ஒருவர், தனக்குத் தோன்றியதை வாசித்து நிரப்ப வேண்டும். தாளம் தவறாமல் வந்து சேர்ந்தால் மற்றவர்கள் திரும்பப் பிடித்துக்கொள்வார்கள். முன்கூட்டி எழுதி வைத்தது கிடையாது. அப்போதைக்கு அப்போது தோன்றுவதுதான்.

ஒருவர் செய்தாலே ஆபத்தான வேலை இது. ஆலிவரும் லூயியும் இதை ஜோடியாகச் செய்தார்கள். இரண்டு கார்னெட்டும் ஒரே சமயத்தில் பாயும். வாத்தியார் ஒரு வரி, சிஷ்யன் அதற்கு இணையாக வேறு சுரத்தில் இன்னொரு வரி. தச்சன் இழைத்துப் பொருத்திய மாதிரி இருக்கும். கேட்க வந்த இசைக்காரர்கள் தலையைச் சொறிந்துகொண்டார்கள். எப்படி இது சாத்தியம்? ஒத்திகை பார்த்தார்களா? கண்ஜாடையா?

ரகசியம் ரொம்ப எளிமையானது. பாண்டு முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே ஆலிவர் லூயியின் பக்கம் லேசாகச் சாய்வார். அடுத்த பிரேக்கில் தான் வாசிக்கப்போவதை விசைகளில் விரல் ஓட்டிக் காட்டுவார். அல்லது இரைச்சலுக்கு நடுவே சன்னமாக ஊதிக் காட்டுவார். சில விநாடி அவகாசம்தான். அதற்குள் அதைப் பிடித்து, அதற்குப் பொருத்தமான துணை வரியை மனசுக்குள் கட்டி, சரியான இடத்தில் லூயி குதிக்க வேண்டும். குதித்தான். ஒவ்வொரு ராத்திரியும்.

கெப்பார்ட் கைக்குட்டை போட்டு மூடிய விரலை, ஆலிவர் சிஷ்யனுக்குத் திறந்து காட்டினார். அந்த ஜோடிக் கச்சேரியின் மொத்த அஸ்திவாரமும் அதுதான்.

கறுப்பர்கள் ஆட வரும் அரங்கு அது. ஆனாலும் வெள்ளைக்கார இளைஞர்கள் மேடையோரம் வந்து நின்று கேட்டார்கள். பிக்ஸ் பைடர்பெக், ஹோகி கார்மைக்கேல், எடி காண்டன் என்று பிற்காலத்தில் பெரிய பெயர் எடுத்த பலர் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள்.

1923 ஏப்ரல் 5, 6. இண்டியானா மாகாணத்தின் ரிச்மண்ட் என்ற ஊரில் ஜெனட் ரெக்கார்டு கம்பெனி. ஒரு பியானோ தொழிற்சாலையின் கிளை வியாபாரம். ரயில் பாதைக்குப் பக்கத்திலேயே ஸ்டூடியோ. வண்டி போனால் பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். மைக் எல்லாம் வராத காலம். சுவரிலிருந்து ஒரு பெரிய கூம்பு நீட்டிக்கொண்டிருக்கும். எல்லோரும் அதைப் பார்த்து வாசிக்க வேண்டும். சத்தத்தின் அதிர்வு ஊசியை ஆட்டும், ஊசி மெழுகில் கோடு போடும். இண்டியானாவில் அப்போது கூ க்ளக்ஸ் க்ளான் கொடிகட்டிப் பறந்தது. காசு கொடுத்தால் க்ளானின் பாட்டுகளையும் அச்சுப் போட்டுக் கொடுத்த கம்பெனி இது. அதே கம்பெனிதான் கறுப்பர்களின் ஜாஸையும் அச்சுப் போட்டது. வியாபாரத்துக்கு ஏது நிறம்?

அங்கே ஒரு சிக்கல். ஆலிவரும் லூயியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாசித்தால் ஆலிவர் கேட்கவே மாட்டேன் என்கிறார். லூயியின் நாதம் அவ்வளவு பெரிசு! கடைசியில் லூயியை மட்டும் பின்னால் போகச் சொன்னார்கள். இன்னும் பின்னால். பதினைந்து இருபது அடி தள்ளி, மூலையில் தனியாகப் போய் நின்றான். பாண்டின் பியானோக்காரப் பெண் லில் ஹார்டின் பிற்காலத்தில் இதைச் சொன்னார். அவன் பாவம் மாதிரி நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் அவருக்கு விஷயம் உறைத்ததாம். ராஜாவின் சத்தம் வெளியே கேட்க வேண்டுமானால் இவன் இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறதே. அப்படியானால் யார் பெரிய ஆள்?

இரண்டு நாளில் பதிவானவற்றில் ஒன்பது பாட்டுகள் வெளியாயின. ஒவ்வொன்றும் சுமார் மூன்று நிமிடம். ‘சைம்ஸ் ப்ளூஸ்’ என்ற பாட்டில் லூயிக்குத் தனி வாசிப்பு கிடைத்தது. ரெக்கார்டில் அவனுடைய முதல் தனி. ‘டிப்பர்மவுத் ப்ளூஸ்’ பாட்டில் ஆலிவர் வாசித்த தனியைப் பின்னால் வந்த தலைமுறைகள் மனப்பாடம் செய்து வாசித்தன. ‘ஸ்னேக் ராக்’ பாட்டில் இருவரும் சேர்ந்து வாசித்த ஜோடி பிரேக்குகள் இருக்கின்றன.

*

அந்த லில் ஹார்டினைத்தான் 1924 பிப்ரவரியில் லூயி கல்யாணம் செய்துகொண்டான். ஆலிவர் ஒருமுறை தன்னிடம் மனம் திறந்ததாக லில் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். லூயி தன்னைவிட நன்றாக வாசிப்பான் என்பது ஆலிவருக்குத் தெரிந்தேதான் இருந்தது. ஆனால் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருக்கும்வரை அவன் தன்னை மிஞ்ச முடியாது, தான்தான் ராஜா என்றாராம்.

இதைக் கேட்டால் ஆலிவர்மேல் கோபம் வரும். வரட்டும். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தன்னைவிடப் பெரியவனாக வளருவான் என்று தெரிந்தும் சிகாகோவுக்குக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்தவரும் அதே மனிதர்தான். அடுத்து என்ன வாசிக்கப் போகிறேன் என்று விரல் ஓட்டிக் காட்டியதும் அவரேதான். கொடுக்கிற கை, பிடித்து வைக்கிற கை இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கக்கூடாதா என்ன?

பணத் தகராறும் சேர்ந்துகொண்டது. ரெக்கார்டு வருமானத்துக்கு ஆலிவர் ஒழுங்கான கணக்குக் காட்டவில்லை என்று பாண்டில் முணுமுணுப்பு. டாட்ஸ் சகோதரர்கள் விலகிப் போனார்கள். லூயியின் சம்பளத்திலும் ஒரு பகுதியை ஆலிவரே பிடித்து வைத்திருந்தார் என்பது லில்லின் புகார். ரெண்டாவது கார்னெட்டாக இருக்கிற வரைக்கும் நீ ரெண்டாவதுதான் என்று அவர் ஓயாமல் சொன்னார். 1924 மத்தியில் லூயி விலகினான். செப்டம்பர் வாக்கில் நியூ யார்க்கில் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் பாண்டு. 1925 நவம்பரில் சொந்தப் பெயரில் ரெக்கார்டுகள். அதன்பிறகு லூயி ஆம்ஸ்ட்ராங் ‘அவர்’ ஆகிவிட்டார்.

1928 ஜூன் 11-ல் ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ என்ற தன் பாட்டை ஆலிவர் பதிவு செய்தார். அதே ஜூன் 28-ல் ஆம்ஸ்ட்ராங் அதைத் தன் பாணியில் பதிவு செய்தார். பதினேழே நாள் இடைவெளி. ஆம்ஸ்ட்ராங் துணையில்லாமல் தனியாக ஊதித் தொடங்கும் அந்த ஆரம்பத்தை ஜாஸின் உச்சங்களில் ஒன்று என்கிறார்கள். வாத்தியாரின் பதிவை ஆராய்ச்சியாளர்கள் மட்டும் கேட்கிறார்கள்.

*

ஆலிவருக்கு அதற்குள் சரிவு ஆரம்பித்திருந்தது. 1927-ல் நியூ யார்க்கின் காட்டன் க்ளப்பிலிருந்து அழைப்பு. காசு போதாது என்று விட்டுவிட்டார். அந்த இடத்துக்கு டியூக் எல்லிங்டன் என்ற இளைஞர் வந்தார். அங்கிருந்து ரேடியோ வழியாக நாடெங்கும் அவருடைய புகழ் பரவியது. அன்றைய பேரத்தைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தால் ஆலிவர் சொன்னது நியாயமான கணக்காகக்கூட இருந்திருக்கலாம். ரேடியோ என்ற வரவு அந்தக் கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து பல். ஆலிவருக்குச் சர்க்கரை என்றால் உயிர். ரொட்டிக்கு நடுவே சர்க்கரையைக் கொட்டிச் சாப்பிடுகிற மனிதர். ஈறு நோய் வந்து பற்கள் ஆடின, விழுந்தன. கார்னெட்காரருக்குப் பல் போனால் பிழைப்பே போன மாதிரி. உதட்டை எதன்மேல் அழுத்துவது? தன் பெயரில் வந்த ரெக்கார்டுகளிலேயே வேறு ஆளை வாசிக்க வைக்க வேண்டிய நிலைமை. பெருமந்தம் வந்தபோது பணம் போட்டிருந்த பாங்கும் விழுந்தது. ஓட்டை பஸ்ஸில் தெற்கு மாகாணங்களில் ஊர் ஊராகச் சுற்றினார். பஸ் பாதி வழியில் நின்றது. வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

கடைசியில் ஜார்ஜியா மாகாணத்தின் சவானா நகரம். ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் காலை ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்து, நடுராத்திரி மூடுகிற வேலை. தன் சகோதரிக்கு எழுதிய கடிதங்களில் அவர் யாரையும் திட்டவில்லை. நியூ யார்க் டிக்கெட்டுக்காக உண்டியல் வைத்திருப்பதாக எழுதினார். அதில் அதுவரை சேர்ந்திருந்தது 1 டாலர் 60 சென்ட்.

1937-ல் ஆம்ஸ்ட்ராங்கின் பாண்டு சவானாவுக்கு வந்தது. தெருவோரத்தில் காய்கறி விற்றுக்கொண்டிருந்த ஒரு கிழவரைப் பார்த்ததும் ஆம்ஸ்ட்ராங் நின்றுவிட்டார். பாப்பா ஜோ! சட்டைப் பையிலிருந்த பணத்தையெல்லாம் எடுத்து அவர் கையில் வைத்தார். கூட வந்தவர்களும் தங்கள் பங்குக்குக் கொடுத்தார்கள். அந்த பாண்டில் பல பேர் ஒருகாலத்தில் ஆலிவரிடம் சம்பளம் வாங்கியவர்கள். அன்று ராத்திரி கச்சேரிக்கு ஆலிவர் வந்தார். பழைய மிடுக்கு. நல்ல உடுப்பு. மேடையின் பக்கவாட்டில் நின்று, சிஷ்யன் வாசிப்பதைக் கேட்டார். தன்னிடமிருந்த நல்ல துணிமணியை எல்லாம் அடகுக் கடையிலிருந்து மீட்டுக்கொண்டு வந்துவிட்டார் போல என்று ஆம்ஸ்ட்ராங் நினைத்துக்கொண்டாராம்.

இந்த முறை ஜோடி வாசிப்பு கிடையாது. வாசிக்க வாத்தியாரிடம் பல் இல்லை.

1938 ஏப்ரலில் ஆலிவர் இறந்துபோனார். வீட்டு வாடகைக்கு வைத்திருந்த பணத்தைப் போட்டு அவர் உடலை நியூ யார்க்குக்குக் கொண்டுவந்தார் சகோதரி. டிக்கெட்டுக்குச் சேர்த்தவர் ஒரு வழியாக ஊர் வந்து சேர்ந்தார். உட்லான் கல்லறையில் அடக்கம் செய்தபோது ஒரு கல் நடக்கூடக் காசில்லை.

முதல் வாத்தியாருக்குக் கொஞ்சம் நல்ல முடிவு வாய்த்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் வாசிக்கக் கூடாது என்று லூசியானா 1956-ல் சட்டம் போட்டதும், சொந்த ஊரில் வாசிக்கவே மாட்டேன் என்று ஒதுங்கியிருந்தார் ஆம்ஸ்ட்ராங். 1964-ன் சிவில் உரிமைச் சட்டத்துக்குப் பிறகு, 1965 அக்டோபரில் திரும்பினார். விமான நிலையத்தில் வரவேற்க வந்தவர்களில் பீட்டர் டேவிஸும் இருந்தார். டாம்பரின் கொடுத்த அதே டேவிஸ்.

1971-ல் சாகிறவரை ஆம்ஸ்ட்ராங், கேட்டவர்களிடமெல்லாம் ஆலிவர் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். 1959-ல் ஆலிவரின் பெயரைத் தலைப்பிலேயே வைத்து ஓர் ஆல்பமும் பதிவு செய்தார். வாத்தியார் பிடித்து வைத்த சம்பளத்தைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருக்கவில்லை. வாங்கிய பாடத்தைப் பற்றிப் பேசினார். கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாதவர்கள் செய்யக்கூடியது அது ஒன்றுதான்: கடன் வாங்கினேன் என்று ஊரறியச் சொல்வது.

எங்காவது ‘ஸ்னேக் ராக்’ கிடைத்தால் கேளுங்கள். கரகரவென்று இரைச்சலோடு ஓடும். நடுவே பாண்டு சட்டென்று நிற்கும். இரண்டு கார்னெட்டும் சேர்ந்து சறுக்கிக்கொண்டு இறங்கும். அதில் எது வாத்தியார், எது சிஷ்யன் என்று முதல் தடவை கேட்கும்போது கண்டுபிடிக்க முடியாது.